அண்ணனின் காடியைப் பிரித்த சனிக்கிழமை

எண்பதுகளின் தொடக்கத்தில், தையல் படிக்கத்தான் ஈப்போ நகரத்துக்கு வந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அம்மாவோடு நான் பார்த்துவந்த பால்மரம் வெட்டும் வேலை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை, போனது. நகரின் புந்தோங் பகுதியில் அண்ணன் வீட்டில் தங்கினேன்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் தையல் வகுப்பு மேல்மாடியில். கீழே மோட்டார் வகுப்பு. பேர் பதியப் போன அன்று, பிரித்துப் போட்டிருந்த எஞ்சின் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். பிறகு கீழ் வகுப்பிலேயே சேர்ந்தேன். பேர் பதிந்த எழுத்தர் என்னிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பாடம் மலாய் மொழியில் நடந்தது, அது எனக்குச் சிரமமாக இல்லை. முன்னால் நிற்கும் ஆண்களின் தோள்கள்தான் சிரமம். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். கார்பரேட்டரை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அவருடைய பழைய காடியின் எஞ்சின் மூடியைத் திறந்தேன். எங்கள் பேச்சில் காருக்குக் காடி என்று பேர்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார்.

"நாளைக்கு சிலிம் ரிவர்ல கல்யாணத்துக்குப் போவணும். தெரிஞ்சுதான் செய்றியா?"

"தெரிஞ்சுக்கத்தான் செய்றேன், அண்ணி."

அண்ணி உள்ளே போய் ஒரு முறத்தைக் கொண்டுவந்தார். "கழட்டுற வரிசையிலயே இதுல வை. திரும்ப மாட்ட லேசா இருக்கும்."

பாதி வேலையில் மழை கொட்டியது. முறத்தை உள்ளே தூக்கி ஓடியதில் வரிசை கலைந்துபோனது. இருவரும் தரையில் உட்கார்ந்து, பாடப் புத்தகப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். மழை விட்டதும் மாட்டினேன். எஞ்சின் ஓடியது.

மாலையில் அண்ணன் வந்ததும் அண்ணி நேராகச் சொன்னார். "உங்க தங்கச்சி காடியக் கழட்டி மாட்டியிருக்கா."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஓடுதா?"

"ஓடுது, அண்ணே."

"அப்ப காலையில போலாம்."

காலையில் புறப்படும்போது, வாசலைக் கூட்டிய அண்ணி மெல்லிய வளையம் ஒன்றைக் கண்டெடுத்தார். எங்கே இருக்க வேண்டியது என்று எனக்குத் தெரியவில்லை. நேரமாகிவிட்டதால் அண்ணி அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொள்ள, கிளம்பினோம்.

வழியில் தாப்பா ஊரைத் தாண்டியதும் காடி இருமி நின்றது. பெட்ரோல் வாடை தூக்கியது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். மூடியைத் திறந்து பார்த்தேன். கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது. தேவைக்கு மேல் வராமல் பெட்ரோலை நிறுத்துவது ஊசி மாதிரி ஒரு சின்ன அடைப்பான். அதன் அடியில் கசிவைத் தடுக்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

"அண்ணி, அந்த வளையத்தக் குடுங்க."

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தேன். பட்டுச் சேலையை இடுப்பில் செருகினேன். அண்ணன் பக்கத்தில் நின்று, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். வளையத்தைப் போட்டு மாட்டியதும் வழிவது நின்றது. இரண்டாவது தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"இனிமே கழட்டுனா எங்கிட்ட சொல்லிட்டுக் கழட்டு" என்றார் அண்ணன். கழட்டாதே என்று அவர் சொல்லவில்லை.

நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அண்ணி பந்தி முழுக்கக் கதையைச் சொன்னார். அம்மா என் நகங்களில் இருந்த கறுப்பைப் பார்த்து எண்ணெய் தேய்த்துவிட்டார். சாப்பிட்டு எழுந்ததும் உறவுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "என் மோட்டார் சைக்கிள் கொஞ்ச நாளா மக்கர் பண்ணுது. பாக்குறியா, புள்ள?"

அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். ஒருவரும் தடுக்கவில்லை. இத்தனை நாள் பின்னால் நின்றது நானாகத்தான்.

படிப்பு முடிந்து வேலை கேட்டுப் போன பட்டறைகளில் பெரும்பாலானோர் சிரித்து அனுப்பினார்கள். ஈப்போவில் பட்டறை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே மட்டும் "போலே?" என்று கேட்டார், முடியுமா என்று. "போலே" என்றேன். முதலில் எண்ணெய் மாற்றும் வேலைதான். பிறகு ஒருநாள் ஒரு டாக்சியின் பிரேக்கைத் தனியாகச் செய்யச் சொன்னார். முடித்ததும் தானே ஓட்டிப் பார்க்கப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். டாக்சியை நிறுத்தி இறங்கினார். அடுத்து நின்ற காடியின் சாவியை என்னிடம் நீட்டினார்.