தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே "வேற வேலை இல்லியா உனக்கு" என்று எழுந்து போகிறவள் நான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுப் பக்கத்துச் சந்தில் வளர்ந்தவளுக்கு என்ன பயம் இருக்கும், சொல்லுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது, என்னோடு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள்.

புருஷன் போன பிறகு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்துக்கொண்டு, மகனோடு வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தேன். சொந்த வீடு வாங்காமல் சாக மாட்டேன் என்று ஒரு வெறி. திருவொற்றியூரில் ஒரு சின்ன ஓட்டு வீடு விலைக்கு வந்தது. விற்கிறவர் சேகர், அப்பா இறந்ததும் தனக்கு வந்த வீடு என்றார். பத்திரத்துக்குத் தன் வக்கீல்தான் என்று புரோக்கர் பாபு ஒற்றைக்காலில் நின்றார்.

"யக்கா, நம்ம வக்கீலு சட்டுனு முட்ச்சி குட்த்துருவாரு. இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிக்கினுகீற?"

"விக்கிறவருக்கும் அவரு, வாங்குற எனக்கும் அவருன்னா, எனக்காவ யாரு நைனா பேசுவாங்க? என் வக்கீல நானே பாத்துக்கறேன்."

ராயபுரத்தில் தேடி அலைந்தேன். பார்த்த வக்கீல்கள் எல்லாம் பத்திர ஜெராக்ஸைத்தான் கேட்டார்கள். தேவகி அம்மா என்கிற வக்கீல் மட்டும், "மொதல்ல வூட்ட காட்டு" என்றார். இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மத்தியான வெயிலில் பாபுவையும் சேர்த்து மூன்று பேராகப் போனோம். பாபு பூட்டில் சாவியை வைக்கப் போனார், தேவகி அம்மா அவர் கையைத் தடுத்துக் கதவைத் தட்டினார்.

"வெளிய பூட்டு தொங்குது மேடம், உள்ள பூனைகூட இல்ல" என்று பாபு சிரித்தார்.

"சாவி ஒருத்தர்கிட்ட இருக்கும், உரிம உள்ளவங்க உள்ள இருப்பாங்க. எத்தினியோ பாத்துட்டேன். தட்டாம நான் எந்த வூட்டுக்குள்ளயும் போறதில்ல."

அவர் சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தோடு: "யாரு? அண்ணனா?"

பாபு கையிலிருந்து சாவி விழுந்தது. நான்தான் எடுத்துத் திறந்தேன், பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஒரே அறை, ஒரு அடுப்படி, பின்வாசல் கிடையாது. தரை முழுக்கத் தூசி, ஒரு காலடித் தடம் இல்லை.

பாபு ஓடியே விட்டார். தேவகி அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே சேகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

சேகர், "கீது மேடம். வசந்தி. வேற சாதில கட்டிக்கினு பூட்ச்சி, அப்பா தல முழுகிட்டாரு. அதான் வாரிசுல பேர் போடல" என்றார்.

"அவங்க கையெழுத்து இல்லாம இந்த வீடு வேணாம், வுட்ரு" என்றார் தேவகி அம்மா என்னிடம். நான் விடுகிற ஆளா? சேகரிடம் விலாசம் வாங்கி, மறுநாளே தேவகி அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். வசந்தி இருந்தது அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்துக் கரித்தூள் படிந்த ஒரு வீடு. நான் கதவைத் தட்டினேன்.

"யாரு? அண்ணனா?"

அதே குரல். சத்தியமாக அதே குரல். உயிரோடு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். முந்தின நாள் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னேன். "நேத்து மத்தியானம் கண்ணசந்தேன். அப்பா வூட்டுக் கதவ யாரோ தட்னா மாரி இருந்துச்சி, எந்திரிக்காமலே கேட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சேகரே நேரில் வந்து அப்பா வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் கையெழுத்து என்றாள் வசந்தி. வந்தார், கூப்பிட்டார். அவளும் பங்கு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள், வீடு என் பெயருக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் இன்றுவரை சாவி கையில் இருந்தாலும் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.

போன மாதம் வேலை முடிந்து வந்து, பழக்கத்தில் தட்டினேன். வெளியே பூட்டு. உள்ளேயிருந்து, "யாரு? மவனா?" என்றது. அது என் குரல்.

மகனிடம் எதையும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனாகவே, "யம்மா, இந்த வூட்ட ஒர்த்தர் வெலைக்கு கேக்குறாரு" என்று ஆரம்பித்தான். "நான் உயிரோட கீறேன்டா" என்றேன்.