உப்புச் சாயா

கரமனை ஆற்று வெள்ளம் எங்கள் எருமையை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. எருமை தானாகவே திரும்பி வந்துவிட்டது, அது வேறு கதை. இன்று காலை சாலைக் கடைத்தெருவில் டீக்காரர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுத் தந்ததும் எல்லாம் நாக்கில் வந்து நின்றது.

அப்போது அந்த ஆறு கடலில் சேரும் காயல் நடுவே ஒரு சின்னத் தீவில் இருந்தோம். சுற்றிலும் உப்புத் தண்ணீர். தீவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு ஆபீசர் வந்தார். தீவுக் கமிட்டி முழுக்க ஆண்கள், தலைவர் என் அப்பா. பெண்களுக்கு டீ போடுகிற வேலை.

“ஒரு குறையும் இல்ல சாரே. ரேடியோ ஒண்ணு கிட்டினா போதும்,” என்றார் அப்பா.

டீ வந்தது. ஒரு வாய் குடித்த ஆபீசர் முகத்தைச் சுளித்தார். அப்பாவோ மரியாதைக்காக மடமடவென்று குடித்து, “நல்ல ஸ்ட்ராங் சாயா!” என்றார்.

அப்பாவுடைய அக்கா, எங்கள் தங்கம் அத்தை, முன்னால் வந்தாள்.

“இது காயல் தண்ணி சாரே. நல்ல தண்ணிக்கு நாங்க பெண்ணுங்கதான் தினமும் அக்கரைக்கு வள்ளத்துல போறோம். இன்னைக்கு எங்களுக்கும் மீட்டிங் கேக்க ஆசை வந்துது, போகல்ல. லே தம்பி, இன்னொரு கிளாஸ் தரட்டா?”

அப்பாவுக்கு விக்கல் எடுத்தது.

“அப்போ ரேடியோ எழுதவா?” என்றார் ஆபீசர்.

“குழாய் எழுதுங்க சாரே,” என்றார் அப்பா. “கமிட்டியில அக்கா பேரையும்.”

எங்கேயாவது ஆண்கள் மட்டும் கமிட்டி கூடினால், டீ வருவதற்கு முன்னால் இதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள்.