நூற்று அறுபது வோல்ட்

ப்ளஸ் டூ இயற்பியலில் நானும் என் தோழியும் சேர்ந்தே ஃபெயில் ஆனோம். துணைத்தேர்வுக்குத் திருப்பத்தூரில் டியூஷன். மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து கீழே இறங்க எங்களுக்கு ஜீப்தான். ஆள் நிரம்பாமல் அது நகராது. டிரைவர் டீக்கடையில் கதை பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் பின்சீட்டில், புளி மூட்டைகளுக்கு நடுவே முட்டி இடிக்க உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அந்த ஜீப்பில் படித்த அளவு நான் எந்த வகுப்பிலும் படித்ததில்லை. சீக்கிரம் ஆள் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு எரிச்சலாக வரும்.

அணுக்கரு பாடம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஓர் அரை ஆயுட்காலம் போனால் பாதி, இன்னொன்று போனால் அதிலும் பாதி, அப்போது முழுசாகத் தீரவே தீராதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அலைகள் கொஞ்சம் வரும். அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம். அந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு நான் காட்டிய பந்தா கொஞ்சநஞ்சமல்ல.

இந்த முறை தேறினால் நர்சிங், இல்லையென்றால் படித்தது போதும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதனால் எனக்கு இருந்த விளையாட்டுப் புத்தி அவளுக்கு இல்லை.

ஒருநாள் ஜீப்பில் மின்சாரக் கணக்கு. வீட்டில் எரியும் நூறு வாட் பல்பின் மின்தடை என்ன? வோல்ட் எவ்வளவு என்று கேள்வியில் இல்லை. இருநூற்று முப்பது என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் நூற்று அறுபது போட்டு, இருநூற்று ஐம்பத்தாறு ஓம் என்று விடை எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எங்க வூட்டு ஸ்டெபிலைசர்ல அவ்ளோதாண்டி காட்டுது. அப்ப அந்த பல்பு நூறு வாட்டுக்கு எரியுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள், நோட்டை மூடினாள். அதற்குப் பிறகு தேர்வு வரைக்கும் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

நான் தேறினேன். அவள் தேறவில்லை.

கல்லூரியில் ஒருநாள் சும்மா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நூற்று அறுபது வோல்ட்டில் அந்தப் பல்பு நாற்பத்தெட்டு வாட்தான் எரியும். மலையில் எங்கள் வீடுகள் ஏன் மங்கலாக இருந்தன என்று புத்தகத்துக்கு வெளியே யோசித்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன மாதம் ஆலங்காயத்தில் அவளுடைய தையல் கடைக்குப் போனேன். வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நீ கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் விடை தெரியவில்லை என்றேன். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் இன்னா கேட்டேன்னே ஞாபகம் இல்லடி," என்றாள். "நீ சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு."