மாடி பஸ்ஸும் தப்பான பதிலும்

பக்கவாதம் வந்த பிறகு என் கணவருக்குக் கை கால் ஓரளவு தேறியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய், சிங்கப்பூரில் இரண்டு மாடி பஸ் ஓட்டியவர். வீடு திரும்பியதும் அன்று ஏறி இறங்கிய ஆட்களைப் பற்றி ஓயாமல் பேசுவார். அந்த வீட்டில் இப்போது டிவி மட்டுமே பேசியது.

ஒரு மத்தியானம் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் தெருவில் கதாநாயகி ஒரு மாடி பஸ்ஸைத் துரத்தி ஓடினாள். நான் சட்டி கழுவியபடி, "நீங்க ஓட்டுன பஸ் மாதிரியே இருக்கு, பாருங்க" என்றேன்.

"இல்ல."

ஈரக்கையோடு ஓடி வந்தேன். அவர் திரையைக் காட்டினார். "எஞ்சின்... முன்ன." அவர் ஓட்டிய பஸ்களில் எஞ்சின் பின்னால் இருக்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண், பஸ்களையே நிறையக் காட்டச் சொன்னாள். பழைய படங்களில் வரும் பஸ்களை இனம் கண்டு சொல்லும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. அங்கே என் நிலைமையை எழுதினேன். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ காட்சிகளை வெட்டி அனுப்பினார்கள். மூவார் ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் ஒருவர், கடையில் கூட்டம் குறைந்ததும் வீடியோவில் அழைப்பார்.

"அண்ணே, இந்த பஸ்ஸுல ஏறுற படி முன்னாலதான?"

"பின்... பின்னால. கதவு... இல்ல."

"அலமாக், நல்லா பாக்காம விட்டுட்டேன்."

இப்படியே மாதக்கணக்கில் போனது. பஸ் மேல் இவ்வளவு ஆசை உள்ள கடைக்காரர் எப்படி ஒவ்வொரு தடவையும் தப்பாகவே சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவரைத் தனியாகக் கேட்டேன்.

"சரியா சொன்னா அண்ணன் தலைய மட்டும் ஆட்டிட்டு விட்டுருவாருக்கா. தப்பா சொன்னாத்தான் வாயத் தொறக்குறாரு."



போன வாரம் மூவாருக்கே போனோம். நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் என் கணவர் முந்திக்கொண்டார். மெதுவாக, ஆனால் நடுவில் நிற்காமல் சொன்னார்:

"தம்பி, நீ படத்த ஒழுங்கா பாக்குறதே இல்ல."

கடைக்காரர் கண் கலங்கச் சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் பேச ஆரம்பித்தார்கள். தேநீர் வந்து ஆறியது. என் நன்றியைச் சொல்ல நடுவில் இடமே கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.