உதடு அசையாமல்

முதலில் போனது என் குரல்தான். இருமல் அதற்கு முன்பே இருந்தது; ஆனால் கேழ்வரகு அடித்துத் தூசி பறக்கிற காலத்தில் எங்கள் பக்கம் இருமாதவர் யார்? ஒருநாள் அந்திச் செபத்தில் புத்தகத்தைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியின் நடுவில் சத்தம் அறுந்துவிட்டது. வாய் அசைந்தது, காற்று வந்தது, ஒலி வரவில்லை. முழங்காலில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். மீதிச் செபத்தை என் வீட்டுக்காரர் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அந்தப் படிப்பு செபப் புத்தகத்துக்கு மட்டுமே பயன்பட்டது. உதடு அசையாமல் சொன்ன செபம் கணக்கில் சேராது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் படிப்பது என்றால் வாயால் சொல்வது என்றே நினைத்திருந்தேன். நாற்பது வயது தாண்டியும் அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் கூச்சப்படுகிறவள். படித்தால் நாலு பேருக்குக் கேட்குமே என்று வேறு எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்ததில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, நீண்ட காம்பு வைத்த சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். சயரோகம் (நுரையீரலை அரிக்கிற காசநோய்) என்றார். அது நெஞ்சிலிருந்து குரல்வளைக்கும் (தொண்டையில் ஒலி பிறக்கும் இடம்) ஏறியிருந்தது.

"நெஞ்சுக்கு ஓய்வும் முட்டையும் மீனெண்ணெயும் தர்றேன். தொண்டைக்கு ஒரே மருந்துதான். பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூடக் கூடாது."

"அதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குங்க?" என்றார் என் வீட்டுக்காரர். "இவ வூட்லயும் பேசமாட்டாளுங்களே."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "புண்ணு ஆழமாப் போச்சுன்னா சோறு இறங்காது. அப்புறம் இங்க வச்சிருந்தும் பிரயோசனமில்லைங்க." அதன்பின் என் வீட்டுக்காரர் வேடிக்கை பேசவில்லை.

சயரோகக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியின் பின்புறம் மூன்று பக்கமும் திறந்த ஒரு கொட்டகை. எனக்கு ஒரு கட்டிலும் ஒரு சிலேட்டும் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கௌரம்மா. எல்லைப் பக்கத்து ஊர், வீட்டில் கன்னடம். எழுத்துத் தெரியாது. அவளுக்கு நெஞ்சில் மட்டும்தான் நோய் என்பதால் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வந்த பொருள் வெளியே போகாது. குணமாகிப் போனவர்களுடையதும், குணமாகாமல் போனவர்களுடையதும் அங்கேயே தங்கிவிடும். துணிகளை எரித்துவிடுவார்கள். புத்தகங்களை எரிக்க மட்டும் அங்கிருந்த சிஸ்டருக்கு மனம் வரவில்லை. மூலையில் ஒரு மரப்பெட்டியில் அவை சேர்ந்து கிடந்தன. பாதிக்கு அட்டை இல்லை.

கௌரம்மாதான் ஒன்றை எடுத்து என் கட்டிலில் போட்டாள். "நீ படிச்சவளாமே அக்கா. நான் படந்தான் பாப்பேன். இந்தப் பாவி புத்தகத்துல அதுவும் இல்ல."

அது ஒரு கதை. ஆற்றங்கரையில் கல்யாணப் பெண்ணை ஓடத்தில் ஏற்றுகிறார்கள். அக்கரையில் எல்லோரும் இறங்குகிறார்கள். பெண் மட்டும் இல்லை. நடு ஆற்றில் யாரும் விழவில்லை, யாரும் குதிக்கவில்லை.

காவிரியில் எத்தனையோ முறை பரிசலில் போனவள் நான். ஒரு பெண் எப்படிக் காணாமல் போவாள்? போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிசுகிசுவென்று படித்தேன். கௌரம்மா கட்டிலை நகர்த்திக்கொண்டு வந்து காதைக் கொடுத்தாள். கஞ்சி ஆறி ஏடு கட்டிப் போனதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

அடுத்த முறை கண்ணாடியை விட்டுப் பார்த்தபோது டாக்டரம்மாவின் முகம் மாறியது. தொண்டை முன்னைவிடச் சிவந்திருந்தது.

"பேசினீங்களா?"

'இல்லை' என்று சிலேட்டில் எழுதினேன். நான் உண்மை என்று நம்பித்தான் எழுதினேன்.

"ஏம்மா கௌரம்மா, இவங்க பேசறாங்களா?"

"அய்யோ, இல்லீங்கம்மா. ஒரு வார்த்த பேசறதில்ல. படிக்கத்தான் படிக்குது, பொழுதன்னிக்கும்."

டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "கிசுகிசுன்னு படிக்கிறது சத்தமாப் பேசறதவிடக் கெடுதல். தொண்டை இறுகிப்போகும்" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சாவு பயத்தைவிட வேறொரு பயம் முந்திக்கொண்டு வந்தது. 'கதை பாதியில் நிற்கிறது' என்று எழுதிக் காட்டினேன். பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்ப கண்ணால மட்டும் படிங்க."

'அது எப்படி?'

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "இப்படித்தான்" என்று புத்தகத்தைத் திறந்தார். உதடு மூடியிருந்தது. கண் மட்டும் இடமிருந்து வலமாக ஓடியது. பக்கம் திரும்பியது. மறுபடியும் திரும்பியது. மற்ற நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர் வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவர் திடுக்கிட்டு எழுந்தார். "இந்தப் பொண்ணு எங்கதான் போனா?" என்று என்னையே கேட்டுவிட்டு, புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அது சுலபமாக வரவில்லை. கண் ஓடினால் உதடும் கூட ஓடியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு படித்தேன். உதடு பிரிந்தால் தண்ணீர் புத்தகத்தில் விழும். உங்களுக்கும் டாக்டர் வாயை மூடச் சொல்லியிருந்தால் இதைச் செய்து பாருங்கள். முதலில் எழுத்துகள் உயிரில்லாமல் கிடக்கும், விட்டுவிடாதீர்கள்.

ஒரு மத்தியானம் வாயில் ஏதோ வெதுவெதுப்பாக இருப்பதை உணர்ந்தேன். தண்ணீர். அதை வாயில் வைத்ததே மறந்திருந்தது. கொட்டகையும் இருமலும் கட்டிலும் மறந்திருந்தன. அத்தனை பக்கங்களும் நான் அந்த ஆற்றங்கரையில்தான் இருந்திருக்கிறேன். யாருக்கும் கேட்காமல், யாரும் என்னைப் பார்க்காமல். எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. நெஞ்சு படபடத்தது. நோயால் வந்த படபடப்பு எனக்குத் தெரியும், இது வேறு.

கௌரம்மாவுக்குத்தான் கோபம். "நல்லாருக்குது அக்கா நியாயம். என்னக் கரையில உட்டுட்டு நீ மட்டும் ஓடத்துல போயிட்ட."

கையால் துடுப்புப் போட்டும், தலையில் முந்தானையை இழுத்தும் நடித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். முடிவை மட்டும் நடிக்க முடியவில்லை. இரண்டு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி, மறுபடி நீட்டினேன்.

"ரெண்டு பேரா? ரெண்டு நாளா? அவ செத்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லு."

இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தாள்.

நான் பெட்டியில் இருந்ததையெல்லாம் படித்தேன். சில புத்தகங்களில் முன்பிருந்தவர்களின் பெயர் இருந்தது. கொட்டகையை விட்டு வெளியே போகாதவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் பக்கத்தைத் திருப்பினேன். மழை வந்து போனது. எனக்கு எடை கூடியது, சாயங்காலக் காய்ச்சல் நின்றது. பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா கண்ணாடியை வெளியே எடுத்து, வெளுத்துவிட்டது, புண் ஆறிவிட்டது என்றார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, கேக்கலாம்."

வீட்டுக்காரர் வந்திருந்தார். சாமி பேரைச் சொல்வேன் என்று அவரும் சிஸ்டரும் காத்திருந்தார்கள். நான் கௌரம்மா பக்கம் திரும்பினேன்.

"ஓடத்துல ஏறினது கல்யாணப் பொண்ணே இல்ல. அவ தங்கச்சி. முக்காட்ட எடுத்துட்டுக் கூட்டத்தோட எறங்கிப் போயிட்டா."

நாள்பட மூடிக் கிடந்த கதவு திறப்பது போல ஒரு கரகரத்த குரல். அது என்னுடையதென்று எனக்கே தெரியவில்லை.

கௌரம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப கல்யாணப் பொண்ணு?"

"ஏறவே இல்ல."

"அட கள்ளி" என்றாள் கௌரம்மா, அத்தனை சந்தோஷமாக. டாக்டரம்மா சத்தமாகச் சிரித்தார். வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி வண்டியில் போகும்போது, "யாரு புள்ள அந்தத் தங்கச்சி?" என்று கேட்டார். அவருக்கும் அந்தக் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொன்னேன்.

இப்போது பென்னாகரம் சந்தையில் பழைய தாள் விற்பவரிடமிருந்து அவரே எனக்குப் புத்தகம் தேடிக்கொண்டு வருகிறார். அந்திச் செபத்தைக் கரகரத்த குரலில் சொல்லி முடிக்கிறேன். மாடுகள் மேய்ச்சலுக்கு மலையேறும் பாதையில் இன்னும் மூச்சு வாங்குகிறது, பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். முன்பென்றால் பொழுது போகிறதே என்று பதறுவேன். இப்போது உட்கார்ந்த இடத்தில் மடியிலிருந்து புத்தகத்தை எடுக்கிறேன்.

வாயில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் முடிகிற வரை நான் விழுங்குவதில்லை.