கண்ணாடி எழுத்தில் இரண்டாம் வகுப்பு

எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பயிற்சி எடுத்தவன் நான். செல்போனில் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில், கரும்பலகையில் எழுதியதெல்லாம் திரையில் எனக்குத் திரும்பித் தெரிந்தது. என் கண்ணுக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது, பிள்ளைகளுக்கு நேராகத்தான் போகிறது என்பது எனக்குத் தெரியாது. நிறையப் படித்தவன் என்று பள்ளியில் பெயர் எடுத்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? என் திரையில் நேராகத் தெரியும்வரை திருப்பித் திருப்பி எழுதிப் பழகினேன். திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தமிழ் முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

ஊரடங்குக் காலம். நல்லூரில் எங்கள் தெருவிலிருந்த பனியன் கம்பெனிகள் ஷட்டரை இறக்கியிருந்தன. உள்ளறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே எனக்கும் பலகைக்கும் இடம். மனைவி மாற்றுப் புடவை எடுக்க வேண்டுமென்றாலும் பாடம் முடியக் காத்திருக்க வேண்டும். உண்மையில் என்னை அடைத்து வைத்திருந்தவர் எங்கள் தலைமையாசிரியை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "திரையில புள்ளைங்கள உக்கார வெக்க முடியாதவங்க அடுத்த மாசத்துல இருந்து ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க சார்" என்று, விருந்துக்கு அழைப்பதுபோலச் சொன்னார். வேலை போனால் இந்த வயதில் வேறு பள்ளி சேர்க்காது. பனியன் மடிக்கவும் எனக்கு வராது. ஒவ்வொரு வகுப்பிலும் அவர் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு கறுப்புக் கட்டமாக வந்து அமர்வார். பேசமாட்டார். பிள்ளைகளைவிட அந்தக் கட்டத்துக்குத்தான் நான் அதிகம் பாடம் நடத்தினேன்.

வார முடிவில் ஒரு மாணவியின் அப்பா போன் செய்தார். பனியனில் ஸ்டிக்கர் ஒட்டும் பிரிண்டிங் கம்பெனியில் வேலை, அப்போது வீட்டில் இருந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏனுங்க சார், நம்ம தொழிலையே பாடத்துல வெச்சுட்டீங்களே. ஸ்டிக்கர் பேப்பர்ல எழுத்து இப்படித் திரும்பித்தானுங்க இருக்கோணும். பனியன் மேல வெச்சு அழுத்துனா நேராயிரும். பாப்பா நோட்டு பூராம் அப்படியே எழுதீருக்குதுங்க."

அவர் மனதாரப் பாராட்டினார். பிள்ளைகளுக்கு எழுத்து திரும்பித்தான் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தவறென்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒரு வகுப்பே ஆயுளுக்கும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். அடுத்த திங்கட்கிழமை, ஒன்றும் நடக்காததுபோல நேராக எழுதத் தொடங்கினேன். அதன்பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கறுப்புக் கட்டம் மட்டும் தவறாமல் வந்தது.

மாதக் கடைசியில், அவராக என்னை வேலையைவிட்டு அனுப்புவதற்குள் நானே சொல்லிவிடலாமென்று தலைமையாசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலை போகவில்லை. இன்றும் நான் அதே பள்ளியில்தான் இருக்கிறேன்; அவர் ஓய்வுபெற்றுத் தாராபுரம் போய்விட்டார். ஆனால் அன்று அவர், மரியாதை ஒரு துளியும் குறையாமல், இப்படிச் சொன்னார்:

"மொத நாளே தெரியுமுங்க சார். சொல்லிப்போடலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த ஒரு வாரந்தானுங்க ஒரு புள்ளகூட லீவு போடல."