ஆட்சேபணை இல்லாதவர்கள்

என் நாத்தனாருக்கு வாய்ப்பேச்சுக்குத்தான் சம்பளம். சுகாதாரத் துறையின் 'மக்கள் குரல்' பிரிவில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களுக்குப் போன் போட்டுக் கருத்துக் கேட்பார். வீட்டில் யார் கருத்தையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அரசாங்கம் ஆள் பிடித்த அழகு அப்படி.

அந்த வருஷம் துறைக்கு ஒரு திட்டம். அங்கங்கே இருக்கும் சின்ன டயாலிசிஸ் நிலையங்களை மூடிவிட்டு, அந்தப் பணத்தில் நடைபயிற்சிப் பாதை போடுவது. தேர்தல் வருகிறதே. பாதைக்கு ரிப்பன் வெட்டலாம், சிறுநீரகத்துக்கு வெட்ட முடியுமா?

காலையில் கூப்பிட்டால்தான் ஜனங்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்தது நாத்தனார்தான். அதற்குக் கைதட்டல்கூட வாங்கினார். காலையில் போனை எடுத்தவர்களெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து தெம்பாக இருந்தவர்கள். பாதை வேண்டும், நிழல் வேண்டும், உட்கார பெஞ்சு வேண்டும் என்றார்கள். நோயாளிகள் அந்த நேரத்தில் மிஷினில் படுத்திருந்தார்கள். அவர்கள் போனெல்லாம் வெளியே மேஜை மேல் கிடந்து அடித்தது. எடுக்காதவர்களை 'ஆட்சேபணை இல்லை' என்று பதியச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

நான் அண்ணன் என்று கூப்பிடும் நாத்தனாரின் வீட்டுக்காரரும் அந்த மிஷினை நம்பித்தான் உயிரோடு இருந்தார். நிலையம் பக்கத்துத் தெருவில்தான், மெதுவாக நடந்தே போய்விடுவார். அதையும் மூடிவிடுவார்களே என்று கேட்டேன்.

"நம்ம நிலையத்துல கை வைக்க மாட்டாங்க. நான் உள்ள இருக்கேன்ல" என்றார் நாத்தனார், துறையையே முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல.

ஒரு நாள் அவர் திரையில் வீட்டுக்காரர் நம்பரே வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"என்னம்மா, ஏன் அப்படியே நிக்குது?"

"என் வீட்டுக்காரர் சார். மிஷின்ல இருக்காரு. சாயங்காலம் நானே கேட்டுச் சொல்லிடறேன்."

"உங்க வீட்டு ஆளுக்குன்னு தனிச் சட்டமா? பேப்பர்காரன் கிழிச்சிடுவான். 'ஆட்சேபணை இல்லை'ன்னு அழுத்துங்க."

அழுத்தினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோர்ந்து படுத்திருந்த மனுஷனிடம் என் முன்னாலேயே அதைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் கோபப்படவே இல்லை.

"நான் எடுத்திருந்தா என்ன கேட்டிருப்ப?"

"பாதை நீளமா வேணுமா, அகலமா வேணுமான்னு."

"மூடாதீங்கன்னு சொல்லணும்னா?"

"அதுக்குப் பட்டன் கிடையாதுங்க."

அடுத்த மாதமே நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறார், தனியாக. கூடப் போக நாத்தனாருக்குக் காலையில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். மக்கள் கருத்தைக் கேட்க ஆள் வேண்டுமாம்.